ஈரல் வைத்த தட்டு

அன்பு மகன் ஜெர்மானோவுக்கு,

அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று பரிசுத்த ஆவியை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நலம் விசாரிப்பதை இந்தத் தடவை இப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் லூசீலியா மாமி போனில் உன்னிடம் எவ்வளவு அழுதுகொண்டு சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு நீ, "அந்தாளோட ரெண்டு முட்டியையும் ஒடைக்காம விடமாட்டேன், துப்பாக்கியை எடுத்துக்கிட்டு இந்த வாரமே கிளம்புறேன்" என்று சொன்னதாகவும் மாமி சொன்னாள். கிளம்பாதே. மாட்டுப் பண்ணைக்காரரிடம் லீவு கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. என் இடது உள்ளங்கையில் தையல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், காகிதம் நகராமல் இருக்க அதன் மேல் உப்பு ஜாடியை வைத்துவிட்டு எழுதுகிறேன், வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். அப்பாவுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டு. அவ்வளவுதான். மாமி சொன்னதில் மற்றதெல்லாம் கண்ணீர்.

ஃபுர்ட்டாடோ குடும்பம் விற்றுவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்குக் கோடையில் கிட்ரிஜ் என்று ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, குழந்தைகள் இல்லை, ட்யூக் என்று பழுப்பு நிறத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய். வந்த புதிதிலேயே நம் சேவல் கூவுகிறது என்று ஹெல்த் போர்டில் புகார் கொடுத்தார். உனக்குத் தெரியும், நம் பெர்மிட்டில் கோழி உண்டு, இரண்டு ஆடு உண்டு, குளிர்காலம் வரைக்கும் ஒரு பன்றி உண்டு, சேவல் மட்டும் கிடையாது. ஊருக்குள் சேவல் வைக்கக் கூடாது என்பது சட்டம். வருஷா வருஷம் ஹெல்த் போர்டு இன்ஸ்பெக்டர் ஹோவர்ட் வந்து வேலியிலிருந்து கூடு எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளப்பார், எருவை மூடி வைத்திருக்கிறோமா என்று பார்ப்பார், கோழிகளை எண்ணுவார், அப்போது அப்பா சேவலைக் கூடையில் போட்டு நிலவறையில் வைத்துவிடுவார், அதுவும் சரியாக ஹோவர்ட் நம் வைனைக் குடிக்கும்போதுதான் கூவும். "எவுசேபியு, உங்க நிலவறையில யாருக்கோ இருமல் போல, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்தது. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அப்பாவுக்குக் காலையில் எழுந்து போவதற்கு இருந்த ஒரே இடம் அந்தக் கூடுதான். அதனால்தான் புகார் வந்த பிறகும் அவர் சேவலை விடவில்லை. "சேவல் இல்லாத கூடு ஆம்பளை இல்லாத வீடு மாதிரி, நான் இருக்கேன்ல" என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார். இந்த ஜனவரி கடைசியில் பெர்மிட் புதுப்பிக்க விசாரணை, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம் என்று எல்லார் வீட்டுக்கும் தபால் போயிற்று. அதற்கு முன்னால் நடந்ததுதான் இதெல்லாம்.

நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பனி விழுந்து இறுகிக் கிடந்தது. கூட்டில் சத்தம் கேட்டது, கோழிகள் பயந்தால் போடும் சத்தம் இல்லை, வேறு சத்தம். ஓடிப் போனேன். அந்த நாய் கம்பிவலைக்குக் கீழே தோண்டி உள்ளே நுழைந்திருந்தது. ஒரு கோழியைக் கவ்விப் பிடித்து உதறும், அது துவண்டதும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். தின்பதற்காக இல்லை, ஜெர்மானோ, ஒன்றைக்கூட அது தின்னவில்லை. பனி முழுக்க இறகும் இரத்தமும். நான் துடைப்பத்தால் அடித்தேன், அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஆட்டுத் தடுப்பைத் தாண்டிக் குதித்து மிமோசாவின் மடியைப் பிடித்து இழுத்தது. ஆடு மனுஷி மாதிரி கத்தியது. அப்பா மண்வெட்டியோடு வந்தார். முதல் அடி முதுகில் விழுந்தது, நாய் விடவில்லை, இரண்டாவது அடியில் விட்டது, மூன்றாவது அடி கழுத்தில். அது விழுந்த பிறகும் தன் வீட்டுப் பக்கம் நகரப் பார்த்தது, முன்னங்கால்கள் மட்டும் பனியை வாரி வாரி இழுத்தன. அப்பா அதையும் முடித்தார். பிறகு மிமோசாவையும் அவரேதான் முடிக்க வேண்டியிருந்தது, மடி கிழிந்து தொங்கியது, வேறு வழி இல்லை. இரண்டையும் ஒரே மண்வெட்டியால் செய்துவிட்டு அவர் கூட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கிட்ரிஜின் மனைவி பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

ஹோவர்ட் வந்தார். கால்நடையைக் கடித்த நாய் என்றால் வெறிநோய்ச் சோதனை செய்தாக வேண்டும், அதுவும் ஹெல்த் போர்டு சட்டம், அதனால் நாயைச் சாக்கில் போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆட்டைக் கடிக்கிற நாயை அடிக்கச் சட்டம் விடுது, எவுசேபியு. ஆனா நாய் செத்த வீட்டு வாசல்ல நின்னு சட்டம் பேசிடாதீங்க" என்றார். கிட்ரிஜ் வேலை முடிந்து வந்தபோது நாயின் உடல்கூட இல்லை, அது எங்கே போயிற்று என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நம் பனியில் இருந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் எனக்குப் பயமே வந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமைதான் பன்றி அடிப்பதற்கு நாள் குறித்திருந்தோம். தள்ளிப் போடலாமா என்று நான் கேட்டேன், குளிர் விட்டுவிட்டால் இறைச்சி கெட்டுவிடும், அகோஸ்தினு மாமா லீவு போட்டாயிற்று, மாமி பூண்டு உரித்தாயிற்று, அப்பா கேட்கவில்லை. நீ இல்லாததால் பின்னங்காலைப் பிடிக்க ஆள் போதவில்லை, பன்றி பெஞ்சிலிருந்து திமிறி மாமாவை ஒரு உதை உதைத்தது, மாமா அதன் மேல் முழங்காலை வைத்து அழுத்திக் கத்தியை இறக்கினார். நான் வழக்கம்போல் கீழே பாத்திரத்தைப் பிடித்து இரத்தம் உறையாமல் கையால் கலக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த அலறல் என் காதில் விழுந்ததே இல்லை, அன்றைக்கு விழுந்தது, ஏனென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார்களே என்று நானும் அவர்கள் காதோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒவ்வொரு ஜன்னலாகத் திரையை இழுத்து மூடினார்கள், பிறகு காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பன்றி அடித்த நாளில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தட்டு போக வேண்டும், அது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சின்னப் பையனாக நீதான் கொண்டுபோய்க் கொடுப்பாய். நான் பிறந்து வளர்ந்த தீவில் என் அப்பாவும் பக்கத்து ரெசென்டே வீட்டாரும் வாய்க்கால் தண்ணீருக்காகத் தடியெடுத்து அடித்துக்கொண்ட வருஷத்தில்கூட தட்டு போயிற்று, தட்டு வந்தது, அந்தத் தட்டில்தான் சண்டையும் முடிந்தது. அதனால் கிட்ரிஜ் வீட்டுக்கும் ஒன்று வைத்தேன். அப்பா, "அவனுக்கா?" என்று மட்டும் கேட்டார். மாமா, "அக்கா, அப்படியே என் கத்தியையும் அந்தத் தட்டுல வெச்சு அனுப்பு" என்று சிரித்தார். நான் நல்லதாக வைத்தேன், ஈரலை முழுசாக வைத்தேன், மரியாதைக்கு அதைத்தானே வைப்போம், முதுகுக் கறியில் ஒரு துண்டு, நீல விளிம்புத் தட்டில், மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினேன். கதவைத் தட்டினேன், வீட்டில் யாரும் இல்லை, பின் வாசல் படியில் வைத்துவிட்டு வந்தேன். இறைச்சி என்றால் கடையில் பிளாஸ்டிக் சுற்றி வருவதுதான் அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்த வெள்ளைத் துணி என்ன ஆகும் என்பதும் தோன்றவில்லை.

சாயங்காலம் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், சூப் ஊற்றியிருந்தேன். சமையலறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு கிட்ரிஜ் உள்ளே வந்தார். ஒரு கையில் அந்தத் தட்டு, துணி முழுக்கச் சிவப்பாக ஊறிப்போயிருந்தது. இன்னொரு கையில் பேஸ்பால் மட்டை. "என் நாயை எனக்கே அனுப்புறீங்களா? என் நாயை அறுத்து எனக்கே அனுப்புறீங்களாடா?" என்று கேட்டார். அப்போதும் எனக்குப் புரியவில்லை, மாமிக்கும் புரியவில்லை, அப்பாவுக்கு இங்கிலீஷே பாதிதான் புரியும். தட்டை மேஜையில் வீசினார், ஈரல் சறுக்கிக்கொண்டு வந்து மாமியின் மடியில் விழுந்தது. மட்டையால் மேஜையை அடித்தார், சூப் கிண்ணங்கள் பறந்தன, அப்பா எழுந்து கையை உயர்த்தினார், தடுக்கத்தான் உயர்த்தினார், அடுத்த அடி அந்த மணிக்கட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். மாமா ஒரே தாவில் அவரைத் தரையில் தள்ளி நெஞ்சில் முழங்காலை வைத்தார், காலையில் பன்றிக்கு வைத்த அதே முழங்கால், அதே மாதிரி தலையைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். தேய்த்துக் கழுவி உலர வைத்திருந்த கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதை எடுத்துவிட்டார். மாமாவின் முகத்தைப் பார்த்தேன், அது வேலை செய்கிற ஆளின் முகம், கோபமே இல்லை, அதைப் பார்த்துத்தான் நான் பாய்ந்தேன். கத்திக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கையை நுழைத்துக் கத்தியைப் பிடித்துக்கொண்டேன். "விடு அக்கா, விடு, கை போயிடும்" என்று மாமா கத்தினார். "நீ விடுடா முதல்ல" என்றேன். என் இரத்தம் அந்த மனுஷன் கழுத்தில் வழிந்தது, அவர் தன் இரத்தம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. "பன்னி, ஐயா. பன்னி ஈரல். பன்னி!" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மாமா கத்தியை விட்டார். கிட்ரிஜ் எழுந்திருக்கவில்லை, தரையில் கிடந்தபடியே அழுதார், மேஜைக்குக் கீழே கிடந்த அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு அழுதார். தட்டு உடையவில்லை, விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது.

போலீஸ் சார்ஜண்ட் வந்து எல்லாரையும் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல யார் யாரை அடிச்சதுன்னு எழுத ஆரம்பிச்சா எல்லாரும் உள்ள போகணும், யாருக்காவது அந்த ஆசை இருக்கா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை. ஆனால் ஹெல்த் போர்டு விசாரணை நிற்கவில்லை. நான் அப்பாவுக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டு இருவரும் டவுன் ஹாலுக்குப் போனோம், தலைமை நாற்காலியில் பல் டாக்டர் ஆல்டன். கிட்ரிஜ் எழுந்து சேவலைச் சொன்னார், நாற்றத்தைச் சொன்னார், பன்றியின் அலறலைச் சொன்னார், ஈரலைச் சொல்ல வந்து நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார்கள். கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை, உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உன் டீச்சரைப் பார்க்க வந்தால்கூட உன் பின்னால் நிற்பேன். எழுந்தேன். "டாக்டர், உங்கம்மா செத்தப்ப எங்க வீட்டுலேர்ந்து இனிப்பு ரொட்டி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதே தட்டுலதான் அந்த ஈரலும் போச்சு" என்றேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது, அடுத்த மாதக் கடைசிக்குள் கூடு காலியாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வெளியே வரும்போது வாசலில் என்னைப் பிடித்து, "ஒரு வருஷம் எந்தத் தகராறும் இல்லாம இருங்க, மறுபடி மனுப் போடுங்க, நானே பேசறேன். ஆனா இன்னொரு கைகலப்பு, ஒரே ஒண்ணு, உங்க வீட்டு வாசல்ல நடந்தாலும் சரி, இந்த இடத்துக்கு இனி எப்பவும் பெர்மிட் கிடையாது" என்றார். இதற்காகத்தான் உன்னை வராதே என்கிறேன். நீ அந்த மனுஷனின் முட்டியை உடைத்தால் உடைவது அப்பாவின் கூடு.

மிச்சமிருந்த ஆட்டை ஊருக்கு வெளியே ஹோவர்டின் தங்கை பண்ணைக்கு அனுப்பினோம். நாய் விட்டுவைத்த கோழிகளையும் கேட்டார்கள், அப்பா கொடுக்கவில்லை. "வேறொருத்தன் கூட்டுல ஓரத்துல நிக்கிறதுக்கா வளத்தேன்" என்றார். ஒடிந்த கையோடு கோடரி பிடிக்க முடியாது, இடது கையால்தான் வெட்டினார், நான் வலது கையால் கால்களைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். கோழிகள் சுலபமாகப் போய்விட்டன. சேவலுக்கு முதல் வெட்டு சரியாக விழவில்லை, அது என் முகத்தில் அடித்தது, இரண்டாவது வெட்டில் தலை போயிற்று, அப்போதும் என் கையிலிருந்து திமிறிக்கொண்டு ஓடியது, தலையில்லாமல் பனியில் வளைந்து வளைந்து ஓடி வேலிக்கம்பியில் போய் மோதி, கிட்ரிஜின் எல்லையில் விழுந்து உதறியது. அவர் தன் வீட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார். அப்பாவின் கையில் கோடரி இருந்தது. அப்பா கோடரியைக் கட்டையில் கொத்தி வைத்துவிட்டு உள்ளே வந்து, "அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வை" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "என்ன பாக்குறே? இன்னிக்கு இந்த வீட்டுல அடிச்சிருக்கு. அடிச்சா தட்டு போகணும். இந்தத் தடவை வேகவெச்சுக் குடு" என்றார்.

பூண்டும் வைனும் போட்டு நன்றாக வேகவைத்தேன். அதே நீலத் தட்டு, மேலே துணி இல்லை, மூடி. முன் வாசலுக்குப் போய்த் தட்டிவிட்டு நின்றேன். அவரே திறந்தார், கதவுக்குப் பின்னால் அந்த மட்டை சாய்ந்திருந்தது. மூடியைத் திறந்து காட்டினேன். "கோழி. வெந்தது. நான் தின்னு காட்டட்டுமா?" என்று கேட்டு, அவர் பதில் சொல்லுமுன் ஒரு துண்டை எடுத்துத் தின்றேன். அவர் என் கைக்கட்டைப் பார்த்தார். "கை எப்படி இருக்கு?" என்றார். "புடிக்குது" என்றேன். தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

நேற்று அந்தத் தட்டு திரும்பி வந்தது. அவர் மனைவி வந்து கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள். கழுவித் துடைத்த தட்டு, அதன் மேல் கடையில் வாங்கிய முட்டை ஒரு பெட்டி. மாமா அப்போது இங்கே இருந்தார், பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கோழி பூராவையும் கொல்ல வெச்சிட்டு முட்டை அனுப்புறானா? எவ்வளவு திமிர் பாத்தியா மச்சான்! இதை அவன் மூஞ்சிலேயே உடைக்கிறேன்" என்று பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பாவின் முகம் சிவந்து இடது கை முஷ்டி பிடித்தது. எனக்கும் நெஞ்சு கொதித்தது, ஜெர்மானோ, மறைக்கவில்லை. காலியான கூட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு யாராவது முட்டை அனுப்புவார்களா? ஆனால் தட்டைப் பார்த்தேன், அந்தச் சில்லு போன விளிம்பைப் பார்த்தேன். "உக்காருங்க ரெண்டு பேரும். நாம ஈரல் அனுப்பினப்போ என்ன நெனச்சு அனுப்பினோம்?" என்றேன். மாமா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்பா, "வெங்காயம் இருக்கா?" என்று கேட்டார்.

வெங்காயம் போட்டுப் பொரித்தேன். கரு வெளிறிப்போய், ருசி என்று ஒன்றும் இல்லை, மாமா ஒவ்வொரு வாய்க்கும் அதைச் சொல்லிக்கொண்டே தின்றார். அப்பா தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்.

அந்தத் துப்பாக்கியை வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிடு. பரிசுத்த ஆவித் திருநாளுக்கு வா, அப்போது பனி போயிருக்கும், அப்பாவின் கட்டும் பிரித்திருப்பார்கள். வரும்போது பின்பக்கமாக வராதே, முதலில் பக்கத்து வீட்டு முன் வாசலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டு, திருநாள் சூப்புக்குக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் நம் வீட்டுக்கு வா. பால் கறக்கும் கொட்டகையில் ஈரக் காலுறையோடு நிற்காதே. நீ ஆசி கேட்கும் குரல் இங்கே வராவிட்டாலும் தினமும் படுக்கப் போகும் முன் நீ இருக்கும் மேற்குப் பக்கம் பார்த்து உனக்கு ஆசி சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன், கடவுள் உன்னையும் உன் கைகளையும் காப்பாராக. கூட்டை அப்பா பிரிக்கவில்லை. இன்று காலையில் போய் அந்த நாய் தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டு வந்தார்.

அன்புடன் உன் அம்மா,
தெயோலிந்தா